திருச்சபைத் தலைமையில் தாழ்மையும் நோக்கமும்

ஆயர் பணிக்கு ஆயத்தப்படும் மாணவரிடம், நல்ல தலைவருக்குரிய முதற்பண்பு யாது என வினவினால், பெரும்பாலோர் கூறும் விடை "தாழ்மை" என்பதாகும். நம் திருச்சபைக்கு இன்று மிகவும் தேவைப்படுவது யாது என அடுத்து வினவினால், அதே மாணவர் சற்றும் தயங்காது, "தரிசனமுள்ள தலைமை" என்பர். இரு விடைகளும் தவறானவையல்ல. ஆனால் இவ்விரண்டையும் ஒரே மனிதரிடத்தில் எதிர்பார்க்கலாமா என்று மூன்றாவது வினாவை எழுப்பும்போது வகுப்பில் அமைதி நிலவும். ஏனெனில் நாம் கண்டு பழகிய தலைவர்கள் பெரும்பாலும் இரு வகையினர். "ஐயா மிகவும் தாழ்மையானவர்" என்று சபையார் ஒருவரைப் பாராட்டினால், அவர் எவருக்கும் மறுப்புச் சொல்லாதவர், எதையும் புதிதாய்த் தொடங்காதவர் என்றே பல வேளைகளில் பொருள்படுகிறது. "இவர் நோக்கமுள்ளவர்" என்று மற்றொருவரைப் பாராட்டினால், அவர் ஆலயத்தைக் கட்டி முடித்திருப்பார். ஆனால் அவரோடு கூட நின்ற பலர் மனம் உடைந்து ஒதுங்கியிருப்பர். இப்பிரிவினை இயல்பானதா, அல்லது நாம் இவ்விரு சொற்களையும் பிழையாக விளங்கிக்கொண்டதன் விளைவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருமறையில் இவ்விரண்டும் ஒரே மனிதரின் வாயில், ஒரே உரையில் வரும் இடம் ஒன்றுண்டு. மிலேத்துவில் எபேசு சபையின் மூப்பர்களுக்குப் பவுல் ஆற்றிய பிரியாவிடை உரையே அது (அப்போஸ்தலர் 20:17-38). அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலின் உரைகள் பல உண்டு. அவற்றுள் திருச்சபைத் தலைவர்களை நோக்கியே ஆற்றப்பட்டது இது ஒன்றுதான். ஆதலால் ஆயர்கள் இதனை அடிக்கடி வாசிக்க வேண்டும். 19ஆம் வசனத்தில் தாம் மனத்தாழ்மையோடும் கண்ணீரோடும் ஆண்டவரைச் சேவித்ததாகக் கூறுகிறார். 24ஆம் வசனத்தில் தம் உயிரையும் பொருட்படுத்தாது தம் ஓட்டத்தை முடிப்பதே தமக்கு வேண்டியது என்கிறார். இடையில் நான்கு வசனங்களே உள்ளன. தாழ்மையைப் பற்றிப் பேசிய நாவு உடனே ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதில் பவுல் எந்த முரண்பாட்டையும் காணவில்லை.

இங்குத் தாழ்மையைக் குறிக்கும் "தபெய்னோஃப்ரொசுனே" என்னும் கிரேக்கச் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இதன் அடிச்சொல்லான "தபெய்னோஸ்" என்பது அக்காலக் கிரேக்க உலகில் பெரும்பாலும் உயர்ந்த பண்பைக் குறிக்கவில்லை. அடிமையின் நிலை, தரங்கெட்ட நிலை, நிமிர்ந்து நிற்க இயலாதவனின் நிலை ஆகியவற்றையே அது குறித்தது. சுதந்திரப் பிறப்புடைய கிரேக்கன் ஒருவனை இச்சொல்லால் அழைப்பது அவனுக்கு அவமானமாகும். முதல் நூற்றாண்டுச் சபை இச்சொல்லைக் கையிலெடுத்துத் தலைமைப் பண்பாக மாற்றியது. காரணம் வெளிப்படையானது. தம்மைத்தாமே வெறுமையாக்கிச் சிலுவை மட்டும் சென்ற ஒருவரை அச்சபை ஆண்டவர் என்று அறிக்கையிட்டது (பிலிப்பியர் 2:5-11).

ஆனால் இச்சொல்லின் பழைய பொருள் முற்றும் மறைந்துவிடவில்லை. நம் நாட்டில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. தமிழில் "தாழ்மை" என்னும் சொல்லுக்கு அருகிலேயே "தாழ்த்தப்பட்டோர்" என்னும் சொல்லும் நிற்கிறது என்பதை நாம் மறத்தலாகாது. பிறர் மிதித்துத் தாழ்த்தியது வேறு. ஒருவர் தாமே விரும்பி இறங்குவது வேறு. தலைமுறை தலைமுறையாகத் தோளில் துண்டிடவும் உரிமையற்றிருந்த மக்களின் பிள்ளைகளுக்கு, பீடத்தில் நின்று "தாழ்மையாயிருங்கள்" என்று போதிப்பது எளிது. அப்போதனை பெரும்பாலும் அவர்கள் கணக்குக் கேட்கும்போதுதான் செய்யப்படுகிறது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். மேலிருப்பவர் தம் தவறு வெளிப்படும்போது கீழிருப்பவருக்குத் தாழ்மையைப் பரிந்துரைப்பது நற்செய்தி அன்று. பிலிப்பியர் நிருபத்தின் வரிசையைக் கவனித்தால் இது விளங்கும். கடவுளின் ரூபமாயிருந்தவரே அங்கு இறங்குகிறார். இறங்குவதற்கு முதலில் நிற்க ஓர் இடம் வேண்டும். ஆகவே தாழ்மைக்கு முன்னே மாண்பு உண்டு. இதனை மறந்து செய்யும் போதனை எத்தனை கிரேக்கச் சொற்களைக் காட்டினாலும் வீணே.

கொல்லிமலைச் சான்று

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ள அயோத்தியாப்பட்டணத்தில் நின்றால், வடக்கே சேர்வராயன் மலை தெரியும். கிழக்கே வாழப்பாடியைக் கடந்து சென்றால் கல்வராயன் மலைத்தொடர் வரும். தெற்கே இராசிபுரம், சேந்தமங்கலம் நோக்கிச் செல்பவருக்குக் கொல்லிமலை சுவர்போல் எழுந்து நிற்கும். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது இதனையே. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் பேருந்து ஏறுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அங்கு ஏறுவதற்குக் கால்கள் வேண்டும், அல்லது டோலி சுமக்கும் தோள்கள் வேண்டும்.

ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் சிறு சங்கத்தின் ஊழியராக 1907இல் இந்தியா வந்த ஜெஸ்ஸி பிராண்டு என்பவர் கட்டடத் தொழில் பயின்றவர். புறப்படுமுன் மருத்துவத்தில் குறுகிய காலப் பயிற்சி ஒன்றையும் பெற்றிருந்தார். அவரை மணந்த ஈவ்லின் ஹாரிஸ் 1879இல் பிறந்தவர், இலண்டன் வணிகர் ஒருவரின் மகள், ஓவியம் கற்றவர். 1913இல் மணமுடித்த இருவரும் கொல்லிமலையில் குடியேறினர். "மலையாளிகள்" என்று அழைக்கப்பெறும் தமிழ் பேசும் மலைவாழ் மக்களிடையே அவர்கள் வாழ்ந்தனர். ஏறத்தாழ முதல் ஏழு ஆண்டுகள் ஒருவரும் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை என்று அவர்கள் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மலைத் தெய்வங்களின் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார்; மக்களும் அஞ்சினர்.

அவ்வாண்டுகளில் ஜெஸ்ஸி செய்த பணிகளுள் ஒன்றை மட்டும் விரிவாய்க் கூற விரும்புகிறேன். நரம்புச் சிலந்தி என்னும் நோய் அன்று பரவலாயிருந்தது. குடிநீரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்பூச்சிகளின் வழியே இதன் புழு உடலுக்குள் செல்லும். ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் உண்டாக்கி வெளிவரும். எரிச்சல் தாளாது நோயாளி காலைத் தண்ணீரில் வைக்கும்போது அது தன் குஞ்சுகளை நீரில் விடும். அந்நீரைக் குடிப்பவருக்கு மறுபடியும் நோய். ஜெஸ்ஸி பிராண்டு ஒவ்வொரு புழுவையும் சிறு குச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே இழுத்தார். அவசரப்பட்டால் புழு அறுந்து புண் சீழ்வைக்கும். அதனோடு நில்லாமல், நீரைத் துணியால் வடிகட்டவும், எவரும் கால் வைத்து இறங்காதபடி கிணற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பவும் மக்களுக்குக் கற்பித்தார் என்று அவருடைய மகன் பிற்காலத்தில் எழுதினார். (இந்நோய் இந்தியாவிலிருந்து முற்றும் ஒழிந்ததாக 2000இல் அறிவிக்கப்பட்டது.) ஒரு மனிதனின் பாதத்தருகே குனிந்து பொறுமையாய்ப் புழுவை இழுப்பது தாழ்மை. அப்புழு வரும் வழியையே அடைக்க எண்ணுவது நோக்கம். குனிந்து பார்த்த காரணத்தால்தான் அவருக்குக் கிணறு கண்ணில் பட்டது. வீட்டுத் திண்ணையிலிருந்து மலையைச் சீர்திருத்தத் திட்டம் தீட்டியிருந்தால், அவர் சுவர் எழுப்பியிருக்கக்கூடிய இடம் வேறாயிருந்திருக்கும்.

எதிர்த்த அப்பூசாரியும் ஒருநாள் கொடுங்காய்ச்சலில் விழுந்தார். தம் மக்களே அஞ்சி விலகிய வேளையில் பிராண்டு தம்பதியர் அவரைக் கவனித்தனர். இறக்குந்தறுவாயில் அவர் தம் பெண் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அதன்பின்னரே மலைமக்களின் மனம் மெல்லத் திறந்தது. இதனை வெற்றிக்கான ஓர் உபாயமாக எவரும் கற்பிக்க வேண்டாம். ஏழு ஆண்டு காத்திருந்தால் எட்டாம் ஆண்டு பலன் கிட்டும் என்னும் உறுதி நற்செய்தியில் எங்கும் இல்லை. பூசாரி பிழைத்தெழுந்து முன்போல் எதிர்த்திருந்தாலும், அவரைப் பராமரித்தது சரியானதாகவே இருந்திருக்கும்.

ஜெஸ்ஸி 1929 ஜூன் 15 அன்று, மலேரியாவைத் தொடர்ந்து வரும் கொடிய கருநீர்க் காய்ச்சலால், நாற்பத்து நான்காம் வயதில் காலமானார். கொல்லிமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கீழ்ப்படியாமை தாழ்மையாகுமா?

நம் ஆராய்ச்சிக்கு மிகவும் சிக்கலானது இதற்குப் பின் நிகழ்ந்ததே. கணவரும் மனைவியுமாக அவர்கள் கொல்லி மட்டுமன்றிப் பச்சைமலை, கல்வராயன் முதலிய ஐந்து மலைகளுக்கும் நற்செய்தி சென்று சேரவேண்டும் என்று கனவு கண்டிருந்தனர். கைம்பெண்ணான ஈவ்லின் மீண்டும் இந்தியா வந்தார். சங்கத்தார் அவரைப் பல ஆண்டுகள் வேறிடங்களில் பணியில் அமர்த்தினர், அவர் கீழ்ப்படிந்தார். ஆனால் மலையை மறக்கவில்லை. 1940களின் இறுதியில், எழுபது வயதை நெருங்கிய அவரை மீண்டும் அனுப்பச் சங்கம் மறுத்தது. இன்னும் ஓராண்டு மட்டும் என்று மன்றாடி அனுமதி பெற்று வந்தார். அவ்வாண்டு முடிந்து வழியனுப்பும் வேளையில், தாம் சங்கத்திலிருந்து விலகுவதாகவும் மலைக்குச் செல்வதாகவும் அறிவித்தார். அவ்வாறே சென்றார். எழுபத்தைந்தாம் வயதளவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவரான மகன் பால் பிராண்டு தாயைச் சமவெளிக்கு வந்து ஓய்வெடுக்குமாறு வேண்டினார். அவரோ மறுத்து, இரு கைகளிலும் மூங்கிற்கோல்களை ஊன்றியும், மட்டக்குதிரை மீது அமர்ந்தும், மலைக் கிராமங்களுக்குத் தொடர்ந்து சென்றார். தொண்ணூறு வயதைக் கடந்தும் இது நிற்கவில்லை. "கிரானி பிராண்டு" என்னும் பெயரில் மிஷன் வரலாற்றில் அவர் அறியப்படுவது இவ்வாண்டுகளினாலேயே.

இதனைத் தாழ்மை என்று அழைக்கலாமா? சங்கத்தின் நிர்வாகக்குழுவில் நாம் அமர்ந்திருந்தால் "பிடிவாதம்" என்றே குறிப்பேட்டில் எழுதியிருப்போம். ஓராண்டு என்று கேட்டுவிட்டு மனத்தில் வேறொன்றை வைத்திருந்தது முற்றிலும் நேர்மையானதா என்னும் கேள்வியும் எனக்கு உண்டு. அதனை நான் மழுப்ப விரும்பவில்லை. நம்மிடையே மாறுதல் ஆணையை ஏற்க மறுத்து, "ஆண்டவர் என்னை இங்கேதான் வைத்திருக்கிறார்" என்று கூறும் ஆயர்கள் பலர். அவர்களனைவருக்கும் ஈவ்லின் பிராண்டு புகலிடமாகிவிடக்கூடாது.

வேறுபாட்டை அறிய ஓர் எளிய சோதனை உண்டு: அந்த மறுப்பினால் அவர் பெற்றது என்ன என்று கேட்பதே அது. சங்கத்தை மறுத்தபோது அவர் ஊதியத்தையும் பாதுகாப்பையும் பதவியையும் இழந்தார். பெற்றது தகரமும் மரமுமான சிறு வீடும் மலைப்பாதையுமே. மாறுதலை மறுக்கும் நம்மில் பலர் நகரத்துச் சேகரத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் பங்களாவையும் காத்துக்கொள்வதற்கே மறுக்கிறோம். அவர் மறுத்தது மேலே ஏறுவதற்காக. ஆனால் அது மலையின் மேலேதான். படிநிலையில் அவர் இறங்கினார்.

மோசேயின் வரலாறும் இதனை விளக்கும். பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் சாந்தகுணமுள்ளவர் என்று எண்ணாகமம் 12:3 அவரைக் குறிக்கிறது. "அனாவ்" என்னும் எபிரெயச் சொல் ஒடுக்கப்பட்டவர், எளியவர் என்னும் பொருளோடு தொடர்புடையது. இவ்வசனம் வரும் சூழலைக் கவனியுங்கள். மிரியாமும் ஆரோனும் மோசேயின் மனைவியை முன்னிட்டும், அவருடைய தனிச் சிறப்பை முன்னிட்டும் அவரைத் தாக்கிப் பேசுகின்றனர். மோசே ஒரு சொல்லும் பதில் கூறவில்லை. பின்னர் மிரியாமுக்காக மன்றாடவே வாய் திறக்கிறார். இதே மோசேதான் கன்றுக்குட்டியைக் கண்டபோது கற்பலகைகளை உடைத்தவர். பார்வோன் முன் பின்வாங்காது நின்றவர். தம் மதிப்பைப் பற்றியது என்றால் மௌனம். கடவுளின் மக்களைப் பற்றியது என்றால் கோபம். நாம் இதனை நேர்மாறாக நடத்துகிறோம். சபையில் ஏழைக் குடும்பத்துக்கு அநீதி நேரும்போது "சாந்தமாயிருப்போம்" என்கிறோம். அழைப்பிதழில் நம் பெயர் மூன்றாவதாய் அச்சிடப்பட்டால் கொதித்தெழுகிறோம்.

தாழ்மை என்பது வாய்மூடியிருத்தல் அன்று என்பதற்கு நம் நாட்டவரே ஆன வேதநாயகம் சாமுவேல் அசரியா சிறந்த சான்று. 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஓர் ஆயரின் மகனாய்ப் பிறந்த அவர், 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணரானவர்களுள் ஒருவர். பிறரை அனுப்பிவிட்டுத் தாம் அமர்ந்திராமல், 1909இல் நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்குத் தாமே சென்று தெலுங்கு கற்றுப் பணியாற்றினார். அடுத்த ஆண்டே எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், முப்பத்தைந்து வயதில், பெரும்பான்மையும் ஐரோப்பியரும் அமெரிக்கருமான அவையின் முன் எழுந்து நின்று, மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியருக்கும் இடையிலிருந்த எசமான உறவைக் குறித்து வெளிப்படையாய்ப் பேசினார். அவர்களுடைய தியாகத்துக்கு நன்றி கூறியபின், எங்களுக்குத் தேவை நட்பு என்று கேட்டார். அவையிலிருந்த சிலருக்கு அது கசந்தது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அருட்பொழிவு பெற்றார். பேராயரான பின்பும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் மாலா, மாதிகா மக்களின் கிராமங்களுக்குச் சென்றார். 1945 ஜனவரி முதல் நாள் காலமாகும் வரை தோர்ணக்கல்லை விட்டு அகலவில்லை. எடின்பரோவில் நிமிர்ந்து நின்றவரும் தோர்ணக்கல்லின் சேரிகளில் தரையில் அமர்ந்தவரும் ஒருவரே. வல்லவர் முன் நிமிர்வும் எளியவர் முன் குனிவும் அவரிடத்தில் ஒரே பண்பின் இரு பக்கங்களாயிருந்தன.

யார் கொடுத்த விலை?

நோக்கமுள்ள தலைவர்களைப் புகழும்போது நாம் பொதுவாக மறைத்துவிடும் பகுதி ஒன்றுண்டு. பிராண்டு தம்பதியரின் மகன் பால் 1914இல் மலையில் பிறந்தவர். ஒன்பதாம் வயதில் தங்கையோடு இங்கிலாந்தில் கல்விக்காக விடப்பட்டார். பெற்றோர் மலைக்குத் திரும்பினர். தந்தையை அவர் மறுபடியும் காணவேயில்லை. மரணச் செய்தி தந்தியில் வந்தபின்னும், அதற்குமுன் தந்தை எழுதி அனுப்பிய கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. ஓராண்டு கழித்துத் தாயைக் கண்டபோது, தாம் நினைவில் வைத்திருந்த அழகிய அன்னை இவர்தானா என்று திகைக்குமளவுக்கு அவர் தளர்ந்திருந்ததாகப் பால் நினைவுகூர்கிறார். அம்மகன் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் பணியில் உலகப் புகழ் பெற்றார். ஆதலால் "எல்லாம் நன்மைக்கே" என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். அவ்வாறு புகழ் பெறாத ஊழியர் பிள்ளைகளும் உண்டு. ஆலயத்தையே கண்டு அஞ்சி ஒதுங்கிய ஆயர் மக்களை நாமனைவரும் அறிவோம். தலைவரின் நோக்கத்திற்குரிய விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. மனைவியும் பிள்ளைகளும் கேட்கப்படாமலே கொடுக்கின்றனர். இதனை ஒப்புக்கொள்ளுவதும் தாழ்மையின் ஒரு பகுதியாகும். இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. ஆனால் ஊழிய வரலாறுகளை இறையியல் வகுப்பில் கற்பிக்கும்போது இப்பக்கத்தைத் தாண்டிச் செல்வது நேர்மையன்று என்பது என் கருத்து.

இன்னொன்றும் விடுபடுகிறது. பிராண்டு அம்மையார் குதிரையில் ஏறினார் என்கிறோம். அக்குதிரையைப் பிடித்து நடத்தியவர் யார்? இடுப்பு முறிந்தபோது அவரை மலையிலிருந்து சுமந்து இறக்கிய தோள்கள் எவருடையவை? கணக்கெழுதிய உபதேசியார்களும் கஞ்சி காய்ச்சிய வேதாகமப் பெண்மணிகளும் நம் நூல்களில் "உள்ளூர் உதவியாளர்" என்னும் ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகின்றனர். சேகரப் பதிவேடுகள் கைவசமிருக்கும் ஆயர்கள் அப்பெயர்களைத் தேடி எழுதிவைத்தால், அது பெரும்பணியாகும். அடுத்த தலைமுறை மாணவர்க்கு அது பாடநூலாகவும் பயன்படும்.

என் ஊரின் பெயரை முன்னிட்டு ஒரு சிறு குறிப்பு. இராமன் இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இங்குத் தங்கினான் என்பது அயோத்தியாப்பட்டணத்து வழக்கு. கோதண்டராமர் கோயிலுக்கு வரும் அன்பர்களோடு உரையாடும்போது, பரதனைப் பற்றிப் பேச்சு வருவதுண்டு. அரியணையில் பாதுகைகளை வைத்து, தான் நந்திக்கிராமத்தில் இருந்து பதினான்கு ஆண்டுகள் நாட்டைக் காத்தான் அவன். அரியணை தனதன்று என்று அறிந்தவன். அதற்காக ஆட்சியைக் கைவிட்டுவிடவும் இல்லை. கிறிஸ்தவ ஆயர் இதனைக் கேட்கும்போது, உக்கிராணக்காரன் உவமைகள் நினைவுக்கு வராமற் போகா. அண்டை வீட்டாரின் கதையிலிருந்து நம் பொறுப்பைக் கற்றுக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.

பால் பிராண்டு தம் தாயைப் பற்றிக் கூறிய செய்திகளுள் என் மனத்தைவிட்டு அகலாதது ஒன்று. வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருக்கவில்லை. ஓவியம் கற்றவர், அழகை நேசித்தவர். அழகை வெறுத்து அவர் இதனைச் செய்தார் என்று கூறமுடியாது. காணவேண்டியவை வெளியே பல இருந்தன; தம்மைக் காண நேரமில்லை. தாழ்மை என்பது தன்னை இழிவாய் எண்ணுதல் என்று பலர் கருதுகின்றனர். தன்னை இழிவாய் எண்ணுபவரும் கண்ணாடியின் முன்தான் நிற்கிறார். முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார் என்பதே வேறுபாடு. "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கூறும் தலைவர் தம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். நோக்கம் உண்மையாகவே பெரிதாயிருக்கும்போது தன்னைப் பற்றிய பேச்சு தானே குறையும். ஆகவே நோக்கம் தாழ்மைக்குப் பகையன்று. நோக்கமற்றவருக்கே தாழ்மை கடினமாகிறது. ஏனெனில் அவருக்குத் தம்மைத் தவிர வேறு காண்பதற்கு எதுவும் இல்லை.

இதனை நான் பிறருக்குக் கூறும் நிலையில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றாலயத்தின் பிரதிஷ்டைக் கல்லில் என் பெயர் விடுபட்டது. அடித்தளம் தோண்டிய நாள் முதல் அதற்காக அலைந்தவன் நான். வெளியே புன்னகைத்தேன், "பெயரில் என்ன இருக்கிறது" என்றும் கூறினேன். மூன்று இரவுகள் உறக்கமில்லை. நான்காம் நாள் அதிகாலையில் ஆலயத்துக்குச் சென்றபோது, கட்டட வேலையில் சித்தாளாயிருந்த ஒரு முதிய பெண்மணி, அக்கல்லின்மேல் சிந்தியிருந்த சுண்ணாம்பைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கல் சுத்தமாயிருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். அன்று நான் மாணவருக்கு மனத்தாழ்மை பற்றி எடுக்கவேண்டிய பாடத்தை எடுக்கவில்லை. அவ்வேளையில் வேறொரு பாடம் நடத்தினேன்.

யோவான் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சீலையைக் கட்டிக்கொள்வதற்கு முன், நற்செய்தியாளர் ஒரு வாக்கியத்தைச் சேர்க்கிறார். நாம் பெரிய வியாழனன்று அதனை விரைந்து வாசித்துக் கடந்துவிடுகிறோம். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புவித்தார் என்பதையும், தாம் கடவுளிடமிருந்து வந்தது போலவே கடவுளிடம் போவதையும் இயேசு அறிந்தவராய் எழுந்தார் என்பதே அது (வசனம் 3). இந்த அறிவின் மேல்தான் அடுத்த வசனத்தின் செயல் நிற்கிறது. எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்பதை அறிந்தவருக்குப் பிறர் பாதத்தைத் தொடுவதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அதனை அறியாதவர் பாதத்தைத் தொடும்போதும் புகைப்படக்காரரைத் தேடுவார். பேதுரு மறுத்தபோது இயேசு எழுந்துவிடவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. கழுவாவிட்டால் உனக்கு என்னிடத்தில் பங்கில்லை என்னும் பொருள்படக் கண்டிப்பாய்ப் பேசினார். குனிந்த நிலையிலேயே கூறப்பட்ட கண்டிப்பு அது.

மிலேத்து உரையின் இறுதிப் பகுதியும் இங்குச் சேர்த்து வாசிக்கத்தக்கது. தாம் எவருடைய பொன்னையும் ஆடையையும் இச்சிக்கவில்லை என்று பவுல் கூறித் தம் கைகளைக் காட்டுகிறார் (வசனங்கள் 33-34). தமக்குப் பின் ஓநாய்கள் வரும் என்று அறிந்தும், தாம் தொடர்ந்து இருந்தாக வேண்டும் என்று கூறவில்லை. மூப்பர்களைக் கடவுளுக்கும் அவருடைய கிருபையின் வசனத்துக்கும் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுகிறார் (வசனம் 32). நம் சபைகளில் பெரும்பாலான சண்டைகள் தொடக்கத்தில் எழுவதில்லை. விலகவேண்டிய நாளில் எழுகின்றன. ஓட்டம் என்பதற்கு ஒரு முடிவு உண்டு என்பதைப் பவுல் அறிந்திருந்தார். நாற்காலிக்கு அவ்வாறான முடிவு இல்லை என்று நாம் எண்ணுவதால்தான், பதவிக் காலத்தை நீட்டும் தீர்மானங்களும் நீதிமன்ற வழக்குகளும் நம் திருச்சபைகளில் இவ்வளவு பெருகியுள்ளன.

ஈவ்லின் பிராண்டு 1974 டிசம்பர் 18 அன்று தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். அவருடைய உடலைக் கொல்லிமலைக்குக் கொண்டுசென்று, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்டிருந்த கணவரின் கல்லறைக்கு அருகே மலைமக்கள் அடக்கம் செய்தனர்.